நிலையின் நாலாவது கட்டை

1

இந்த நாட்டில் ஒருவர் ஒரே கம்பெனியில் பன்னிரண்டரை வருஷம் தாக்குப்பிடித்துவிட்டால் விழா எடுக்கிறார்கள். பன்னிரண்டும் இல்லை, பதிமூன்றும் இல்லை. வெள்ளிவிழாவில் சரிபாதி என்று கணக்கு. அதைவிட வேடிக்கை, கேக்கை விழாவுக்கு உரியவரேதான் வாங்கிக்கொண்டு போக வேண்டும். தன் கழுத்துக்கான மாலையைத் தானே கட்டி எடுத்துப்போகிற மாதிரி. இந்த வருஷக் கோடையில் என் முறை வந்தது. நெதர்லாந்தில், கடலைவிடத் தாழ்ந்து கிடக்கும் ஒரு சிற்றூரில், கட்டுமானக் கம்பெனி ஒன்றின் கொள்முதல் பிரிவுக்கு, பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் நடந்துபோனேன்.

அதே வாரம்தான் இந்தப் பத்திரிகையிலிருந்து கடிதம். போடிநாயக்கனூரில் பிறந்து அயலில் வாழ்கிறவள் என்ற முறையில் அனுபவங்களை எழுத வேண்டுமாம். ஏலக்காய் மணக்க மணக்க எழுதுங்கள் என்று ஒரு வேண்டுகோள் வேறு. மணக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போடியில் பாதிப் பேருக்கு அந்த மணம் தலைவலி. மீதிப் பேரின் மூக்குக்கு அது தெரிவதே இல்லை. வெளியூர்க்காரர்கள் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மூச்சை இழுத்துக் கண்ணை மூடுவார்கள். நாங்கள் அவர்களை ஒரு மாதிரி பார்ப்போம்.

மலையைப் பற்றிக் கேட்டால் ஒன்று சொல்வேன். இங்கே மேடு என்று ஒன்று கிடையாது. வானம் தரைவரைக்கும் வந்து தொலைக்கிறது. காலையில் கதவைத் திறந்ததும் என் கழுத்து தானாக மேற்கே திரும்பி, எதிலாவது முட்டிக்கொள்ளப் பார்க்கிறது. முட்ட ஒன்றும் இல்லை. மாடுகள், வாய்க்கால், காற்றாலை, மறுபடி மாடுகள். இத்தனை வருஷமாகியும் கழுத்துக்குப் புத்தி வரவில்லை. இதை ஏக்கம் என்று தயவுசெய்து யாரும் தலைப்புப் போட்டுவிட வேண்டாம். இது கழுத்துவலி.

2

என் வேலையைச் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது.

கட்டடத்தை இப்போதெல்லாம் இரண்டு தடவை கட்டுகிறோம். முதல் தடவை கணினிக்குள். சுவர், குழாய், கம்பி, கதவு, கதவின் கீல், கீலின் திருகாணி வரைக்கும். அதற்கு மாடல் என்று பெயர். வெறும் படம் இல்லை. அதில் ஒரு கதவைத் தொட்டால் தன் அகலம், உயரம், என்ன மரம், எவ்வளவு நேரம் தீயைத் தாங்கும், எந்த வாரம் லாரியிலிருந்து இறங்க வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒப்பிக்கும். முன்பு நாங்கள் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணினோம். ஆளுக்கொரு எண்ணிக்கை வரும். சண்டை வரும். சண்டையின் நடுவில் யாராவது ஒருவர், “நில்லுங்கள், இது என்ன கதவு?” என்று கேட்பார். இப்போது சண்டை இல்லை. மாடலே எண்ணித் தருகிறது. அந்த எண்ணிக்கையிலிருந்தே கொள்முதல் ஆணை கிளம்பிப் போகிறது. மாடலில் இருப்பதை வாங்கு, இல்லாததை வாங்காதே. எங்கள் துறையின் மொத்த வேதமும் இவ்வளவுதான். பன்னிரண்டரை வருஷத்தில் ஆயிரக்கணக்கில் கதவு வாங்கியிருக்கிறேன். ஒன்றைக்கூட விரலால் தட்டிப் பார்த்ததில்லை.

என் அப்பாவும் கொள்முதல்காரர்தான். போடியில் ஒரு வியாபாரிக்காக மலைத்தோட்டங்களில் ஏலக்காய் எடுத்தவர். காலை ஜீப்பில் போடிமெட்டுக்கு ஏறி, சாக்குக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு கை அள்ளுவார். உள்ளங்கையில் உருட்டுவார். ஒன்றைக் கடித்துத் துப்பி, “ஈரம்” என்பார். காய் கலகலவென்று காய்ந்து கிடந்தாலும் ஈரம்தான். விலை இறங்கும். அள்ளிய கையை மட்டும் திரும்பச் சாக்குக்குள் காலி செய்யமாட்டார். அது சாம்பிள். தோள்பைக்குள் போய்விடும். அந்தச் சாம்பிள்களில்தான் எங்கள் வீட்டுக்கு மாடி எழும்பியது. ஆகவே, கையால் தொட்டு வாங்கிய காலம் பொற்காலம் என்று நான் எழுதப்போவதில்லை. தொட்ட கை திருடியது. தொடாத கை வேறு மாதிரி கெடுக்கிறது.

3

மாடலை இங்கே யாரும் செய்வதில்லை. வெளியே கொடுத்துவிடுகிறார்கள். சில வருஷங்களுக்கு முன் புதிதாக ஒரு மாடல் அலுவலகத்தை அமர்த்தியபோது, என் மேலதிகாரி யோஸ்ட் முகவரியைக் காட்டி, “இது உங்கள் நாடுதானே, உங்கள் ஊருக்குப் பக்கமா?” என்று கேட்டார். பார்த்தேன். போடிநாயக்கனூர். நான் படித்த பள்ளிக்கூடத்துக்கு மூன்றாவது தெரு. எத்தனை கடல் தாண்டி ஓடிவந்தாலும் ஊர் மின்னஞ்சலில் ஏறி வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும் என்றால், மனுஷி எதற்குத்தான் ஓடுவது?

“பக்கம்தான்” என்றேன்.

மொழி தெரியும், சுலபம் என்று அந்த அலுவலகத்து மாடல்களைச் சரிபார்க்கிற பொறுப்பை என் தலையிலேயே கட்டினார்கள்.

போன வருஷம் ஊருக்குப் போனபோது அங்கே ஏறிப்போனேன். கீழே ஏலக்காய்க் கடை. பெண்கள் தரையில் உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மாடியில் எட்டுப் பெண்கள், எட்டுத் திரை. நடத்துகிறவள் பாண்டிமீனா. முப்பத்தைந்து வயதிருக்கும். போடிமெட்டுக்கு மேலே, எஸ்டேட் கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் பிறந்து, ஜீப்பில் தொங்கிக்கொண்டு இறங்கிவந்து பாலிடெக்னிக் படித்தவள். என்னை அக்கா என்பாள். குத்திக்காட்ட வேண்டுமென்றால் மலையாளத்தில் சேச்சி.

எட்டுத் திரையிலும் எங்கள் ஊர் முதியோர் இல்லம் ஓடிக்கொண்டிருந்தது. நெதர்லாந்தில் நாங்கள் கட்டவிருந்த கட்டடம்.

“அக்கா, இதுல சாமி ரூமு எங்க வருது?” என்றாள் ஒருத்தி.

“வராது.”

“கெழவன் கெழவிக்கு ஆளுக்கொரு ரூமு. கக்கூசு கட்டிலுக்கு நேரா. சாமிக்கு மட்டும் எடமில்லையாக்கும்.”

“சாமியெல்லாம் பிள்ளைக வீட்ல இருக்கும்டி. இங்கன பெத்தவுக மட்டுந்தான்” என்றாள் இன்னொருத்தி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தேவாரத்திலிருந்து பஸ்சில் வந்துபோகிற பெண் ஒருத்திக்கு வேறு சந்தேகம். “சுத்தி வேலியே காணோமேக்கா. யானை வந்தா?”

“அங்க யானை கெடையாது.”

“பெறகு எதுக்குப் பயந்து கதவுக்குக் கதவு இம்புட்டுப் பூட்டு?”

ஞாபகம் தப்பியவர்கள் வெளியே போய்விடாமல் இருக்க என்று நான் சொல்லவில்லை. பாண்டிமீனா நாற்காலியைத் திருப்பினாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

“சேச்சி, ஒரு ரூமு கூடப் போட்டுருவமா? உங்கம்மாவுக்கு ஆகும்ல.”

என் அம்மா அதே போடியில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அன்று காலை அவளிடம் பேசியதைவிட அதிக நேரம் நான் அந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். காபியைக் குடித்து முடிப்பதில் மும்முரமானேன்.

“கோவிச்சுக்கிறாதீக. வெளாட்டுக்குச் சொன்னேன்” என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கிளம்பும்போது படிக்கட்டு வரைக்கும் வந்து, குரலைத் தாழ்த்தினாள். “எங்களுக்கு இப்ப உங்க கம்பெனி சோலி ஒண்ணுதான்க்கா. மத்ததெல்லாம் விட்டுட்டோம். நீங்க அங்கன ஒரு வார்த்தை தப்பாச் சொன்னீகன்னா எட்டுப் பிள்ளைகளும் கீழ எறங்கிக் காய் பொறுக்கத்தான் போகணும்.”

வேண்டுகோள் மாதிரியும் இருந்தது, மிரட்டல் மாதிரியும் இருந்தது. எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. இப்போதும் அவ்வளவாகப் பிடிக்காது.

4

கட்டடம் எழும்பியது. இந்த வருஷ வசந்தத்தில் முதல் தளத்து அறைகள் முடிந்தபோது, குடிவரப்போகிறவர்கள் சார்பில் ஒரு அம்மாள் பார்வையிட வந்தார். வெள்ளைத் தலை, சிவப்பு உதட்டுச்சாயம், சக்கர நாற்காலி. வழவழவென்ற தாழ்வாரத்தில் சறுக்கிக்கொண்டு வந்தவர் முதல் அறை வாசலில் டக்கென்று நின்றார். பின்னால் போய்த் திரும்ப வந்தார். மறுபடி டக். குனிந்து பார்த்தார். நாங்களும் குனிந்தோம்.

கதவு நிலையின் அடியில், குறுக்கே, இரண்டு விரல்கடை உயரத்துக்கு ஒரு ஓக் மரக்கட்டை. மெருகேற்றி, அழகாக. வாசற்படி. அடுத்த அறையிலும் இருந்தது. அதற்கடுத்த அறையிலும்.

“இந்தக் கட்டடம் யாருக்காக?” என்று அந்த அம்மாள் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பரவாயில்லை.

மாடலில் வாசற்படி இருந்தது. இருந்ததால் எண்ணப்பட்டது. எண்ணப்பட்டதால் வாங்கப்பட்டது. வாங்கியதால் தச்சர்கள் பொருத்தினார்கள். பெயர்த்து எறிந்துவிடலாமே என்பீர்கள். முடியாது. படியின் உயரத்தைக் கழித்துத்தான் கதவுகள் செய்யப்பட்டிருந்தன. படியை எடுத்தால் கதவுக்கு அடியில் சந்து விழும், தீப்பிடித்தால் புகை அதன் வழியே நுழையும். அத்தனை கதவும் குப்பை.

மாடல்காரர்கள் பெருமையாகச் சொல்கிற ஒரு சோதனை உண்டு. குழாய் உத்தரத்தில் முட்டுகிறதா, கம்பி சுவருக்குள் புகுகிறதா என்று மாடலே தேடிச் சொல்லும். எங்கள் மாடலில் மோதல் ஒன்றுகூட இல்லை, முழுக்கப் பச்சை. வாசற்படி எதன் மேலும் மோதவில்லை. மாடலுக்குள் குழாய் இருக்கிறது, கம்பி இருக்கிறது. கால் கிடையாது. சக்கரமும் கிடையாது.

5

ஆணை போவதற்கு முன்னால் மாடலுக்குள் நடந்து பார்ப்பது எங்கள் வழக்கம். கண்ணை மூடுகிற பெரிய கண்ணாடியை மாட்டிக்கொண்டால் கட்டடத்துக்குள்ளேயே நிற்பதுபோல் இருக்கும். நான் நடந்திருந்தேன், யோஸ்ட் நடந்திருந்தார், வடிவமைப்பாளரும் நடந்திருந்தார். ஒருவருக்கும் தட்டவில்லை. எப்படி என்று பார்க்க, யோஸ்ட் எல்லாரையும் மாடல் அறையில் கூட்டினார். சாம்பல் நிறக் கம்பளம் விரித்த காலி அறை.

“அன்றைக்கு நடந்த மாதிரியே நடந்து காட்டுங்கள்” என்றார் என்னிடம்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடந்தேன். தாழ்வாரம். முதல் கதவு. உள்ளே போனேன். யாரோ மூக்கால் சிரித்தார்கள். பிறகு எல்லாரும்.

“நீங்கள் ஏன் காலைத் தூக்குகிறீர்கள்?”

கண்ணாடியைக் கழற்றினேன். என் வலது கால் அந்தரத்தில் இருந்தது. கீழே வெறும் கம்பளம்.

அடுத்து யோஸ்ட் மாட்டிக்கொண்டார். நிமிர்ந்த தலையோடு, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, படிக்குள்ளேயே புகுந்து நடந்தார். கண்ணாடிக்குள் எதுவும் காலைத் தடுக்காது. வடிவமைப்பாளரும் அப்படியே. ஆக, அவர்கள் கட்டைக்கு ஊடாக நடந்தார்கள். நான் கட்டையைத் தாண்டி நடந்தேன். எங்கள் எல்லாருக்குமே வழி ஒழுங்காக இருந்தது.

எங்கள் பக்கத்தில் நிலை என்றால் நாலு கட்டை. மேலே ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, நாலாவது அடியில். மூன்று கட்டையோடு நிறுத்தினால் தச்சர் வேலையைப் பாதியில் விட்டுப் போய்விட்டார் என்று அர்த்தம். சாம்பிள் காசில் அப்பா மாடி கட்டியபோதுகூட, நிலை வைக்கிற அன்றைக்கு நாலாவது கட்டைக்குத்தான் மஞ்சள், அதற்கு அடியில்தான் நவதானியம். அதை மிதிக்கக் கூடாது. அதில் உட்காரக் கூடாது. அதற்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் இருப்பவருக்கு எதையும் கொடுக்கக் கூடாது. குழந்தை நடக்கக் கற்றதற்கு அடுத்த மாதம் தாண்டக் கற்றுவிடும். மலைக்கு மேலே இன்னும் மோசம். ஆனி ஆடி மழையில் சரிவில் இறங்குகிற தண்ணீர் நேரே வீட்டுக்குள் வரப் பார்க்கும். கூடவே அட்டைகள். பாண்டிமீனா பிறந்த வரிசை வீடுகளில் படி முழங்காலை எட்டும். அவள் கணினியில் முதன்முதலாக ஒரு நிலை செய்து வைத்தபோது நாலு கட்டையோடு செய்தாள். அப்புறம் அதையே பிரதியெடுத்து அந்த இல்லத்தின் எல்லா வாசலிலும் வைத்தாள்.

அவள் வைத்தாள். என் கால் அதற்குக் கையெழுத்துப் போட்டது.

6

இந்த ஊர்க்காரர்கள் தங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்வது ஒன்று உண்டு, மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்களாம். உன் சட்டை அசிங்கமாக இருக்கிறது என்று சொல்வதற்கு அந்த நேர்மை போதும். பெரிய விஷயம் வந்தால் வாக்கியத்திலிருந்து ஆளே காணாமல் போய்விடுவார்.

“அறிக்கை ஒன்று எழுதப்பட வேண்டும்” என்றார் யோஸ்ட். “உண்மை மட்டும் போதும். பிழை மாடலில் ஏற்பட்டிருக்கிறது. மாடல் போடியில் செய்யப்பட்டிருக்கிறது. ஒப்பந்தப்படி அவர்கள் பொறுப்பு. உங்கள் பெயர் இதில் வர வேண்டிய அவசியம் இல்லை.”

“அப்படி எழுதினால் அவர்களுக்கு என்ன ஆகும்?”

“பட்டியலிலிருந்து நீக்கப்படுவார்கள்.” தோளைக் குலுக்கினார். “வேறு அலுவலகங்கள் இருக்கின்றன.”

வீட்டுக்கு வந்து பாண்டிமீனாவைக் கூப்பிட்டேன். நலம் விசாரிக்கிற நிலையில் இருவருமே இல்லை.

“படி வைக்கச் சொல்லி எந்த வரைபடத்துல இருந்துச்சு?”

“எதுலயும் இல்ல.”

“பெறகு ஏன் வச்ச?”

“நெலைன்னாப் படி இருக்கும்லக்கா. இல்லாட்டி அது நெலையா, ஓட்டை. வேண்டாம்னு எங்கயாச்சும் எழுதிருந்தாகளா?”

“சக்கர நாற்காலி வர்ற எடம்னு எழுதிருந்துச்சுல.”

“எழுதிருந்துச்சு. நாங்க இங்கன நாக்காலியப் பாத்தமா, கெழவியப் பாத்தமா. நீங்க அங்கனயே இருக்கீக. நீங்க பாக்கலையா?”

“நீ வரஞ்சதுக்கு என்னையச் சொல்றியா?”

“நான் வரஞ்சேன். நீங்க டிக் அடிச்சீக. டிக் அடிக்கத்தான சேச்சிக்குச் சம்பளம்.”

“பேச்ச நிறுத்து, மீனா.”

“நிறுத்திர்றேன். என்ன எழுதப்போறீகன்னு மட்டும் சொல்லிருங்க. பிள்ளைகட்ட வெரசாச் சொல்லணும். கீழ கடைக்காரரு ஆளு கேட்டுக்கிட்டிருக்காரு.”

நான் இணைப்பைத் துண்டித்தேன். சமையலறை மேசையில் என் மகள் கயல் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். பதினாறு வயது. தமிழ் புரியும். பதில் மட்டும் இந்த ஊர் மொழியில்தான் வரும். போடி அவளுக்கு வெயில் அடிக்கிற, கொசு கடிக்கிற, கன்னத்தைக் கிள்ளுகிற ஒரு இடம்.

“போனில் அந்த அம்மா சொன்னது சரியா, தப்பா?” என்று கேட்டாள்.

“சரி.”

“அப்புறம் ஏன் நீ கத்தினாய்?”

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். பெற்ற பிள்ளை தன்னை அந்நியரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறது என்று புலம்பிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் புலம்ப நேரமில்லை. அறிக்கை எழுத வேண்டியிருந்தது.

7

கேக்குக்கு வருகிறேன். வட்டமாக நாற்காலி போட்டிருந்தார்கள். ஒவ்வொருவராக வந்து கைகுலுக்கி வாழ்த்துச் சொன்னார்கள். வந்த புதிதில், ஒரு சக ஊழியரின் தாயார் இறந்த வீட்டில், துக்கம் சொல்கிற வார்த்தைக்குப் பதில் இதே வாழ்த்து வார்த்தையைச் சொல்லித் தொலைத்தவள் நான். அந்தக் கதையை வருஷத்துக்கு ஒருமுறை எனக்கே சொல்லிக் காட்டுவார்கள். அன்றைக்கும் சொன்னார்கள். நானும் சிரித்தேன். பன்னிரண்டரை வருஷமாக அதே இடத்தில் சிரித்திருக்கிறேன்.

அறிக்கையை யோஸ்டின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு பத்திதான். நிலையில் படி வைத்தது போடி அலுவலகம். மாடலுக்குள் நடந்து பார்த்து ஒப்புதல் தந்தது இதை எழுதுகிற நான். உடன் நடந்து ஒப்புதல் தந்தவர்கள் யோஸ்டும் வடிவமைப்பாளரும். நான் தாண்டினேன், அவர்கள் ஊடுருவினார்கள்.

அவர் உதட்டில் கிரீம் இருந்தது. துடைக்காமல் படித்தார்.

“என் பெயர் எதற்கு?”

“நீங்களும் நடந்தீர்கள்.”

“இது தேவையற்ற தகவல்.”

“உண்மை மட்டும் போதும் என்றீர்கள்.”

இதைத் தைரியம் என்று நினைத்துவிட வேண்டாம். எரிச்சல். எட்டுப் பெண்களுக்காக எழுதினேனா, அந்தச் சிரிப்புக்காக எழுதினேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் மேலே இரண்டு பெயர் சேர்ந்துவிட்டால் பழியைக் கடல் தாண்டி அனுப்புவது கடினம். கதவுகளின் நஷ்டத்தைக் கம்பெனியே ஏற்றது. போடி அலுவலகம் பட்டியலில் நின்றது, ஒரு நிபந்தனையோடு. இன்னொரு பிழை வந்தால் பேச்சில்லை, வெளியே.

எனக்கும் ஒரு பரிசு வந்தது. இனிமேல் மாடலை வரைகிறவரும் சரிபார்க்கிறவரும் ஒரே பின்னணியைச் சேர்ந்தவர்களாக இருக்கலாகாது என்று ஒரு புது விதி. நாகரிகமாக, பலதரப்பட்ட பார்வை என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். வரைந்தவரும் பார்த்தவரும் இந்த ஊர்க்காரர்களாகவே இருந்த காலமெல்லாம் இப்படி ஒரு விதி யாருக்கும் தோன்றவில்லை. போடி மாடல்களை நான் திறக்கவே கூடாது, திறந்தால் வேலை போகும். இப்போது வேலித் தகடு, தற்காலிகக் கழிப்பறை, சாலைக் கூம்பு இவற்றை வாங்குகிறேன். மாடலில் இல்லாத சாமான்கள். அதற்கும் ஒருத்தி வேண்டுமே.

8

போன சனிக்கிழமை காலை பாண்டிமீனா கூப்பிட்டாள். அறிக்கைக்குப் பிறகு முதல் தடவை. நன்றி என்றெல்லாம் ஒன்றும் வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

“புதுசாப் பாக்குறவரு எப்படி?” என்று கேட்டேன். என் இடத்தில் ஒரு இளைஞரைப் போட்டிருந்தார்கள். இந்த ஊர்க்காரர்.

“தங்கமான ஆளுக்கா. எதக் கொடுத்தாலும் ஓகே போட்டுர்றாரு.”

“நல்லதாப் போச்சு.”

“என்னத்த நல்லது. ஈரக்கொலை நடுங்குது. ரெண்டாவது கட்டடம் அனுப்புனோம். அன்னைக்கே பச்சை அடிச்சுட்டாரு. திங்கக்கெழம ஆர்டரு போகுது. நானும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன், எல்லாம் சரியாத்தான் இருக்கு. அன்னைக்கும் சரியாத்தான இருந்துச்சு.”

“நான் பாக்கக் கூடாது, மீனா. சோலி போயிரும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சா எதுக்குக் கேக்குற?”

“கேக்கல. அனுப்பிட்டேன்.”

திட்டினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டி முடித்ததும், “பாத்தாலும் பிரயோசனம் இல்ல” என்றேன். “உன் கண்ணும் என் கண்ணும் ஒண்ணுதான். நீ பாத்து தப்புனது என் கண்ணுலயும் தப்பும்.”

“அப்பக் கண்ண விடுங்க. வேற எதையாச்சும் வச்சுப் பாருங்க.”

கயலின் அறையில் விளையாட்டுக்கு மாட்டுகிற கண்ணாடி இருக்கிறது. உருளைக்கால் நாற்காலியும் இருக்கிறது. போய்க் கேட்டேன்.

“எதற்கு?” என்றாள்.

“ஒரு கட்டடத்துக்குள் போக வேண்டும். நடக்காமல்.”

“அந்தப் போடி மாடலா? நீ அதைத் தொடக் கூடாது இல்லையா?”

“கூடாது.”

ஒரு வருஷத்துக்குப் பிறகு என் முகத்தை முழுசாகப் பார்த்தாள். எழுந்து நாற்காலியை உருட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். நான் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டி, கால் இரண்டையும் நாற்காலிக்கு அடியில் மடித்துப் பின்னிக்கொண்டேன். அவிழ்ந்துவிட்டால் வலது கால் தன் புத்தியைக் காட்டிவிடும். போனை ஒலிபெருக்கியில் போட்டு மடியில் வைத்தேன். கயல் பின்னாலிருந்து தள்ளினாள்.

தாழ்வாரம். வாசல். கட்டை இல்லை. உள்ளே போனேன். கட்டில் பக்கம் திரும்ப இடம் இருந்தது. சன்னல் கைப்பிடி எட்டியது. நிஜச் சோபாவில் என் முழங்கால் இடித்தது, கயல் மன்னிப்புக் கேட்டாள், மறுபடி தள்ளினாள். குளியலறை. கழுவுதொட்டிக்கு அடியில் முழங்கால் நுழைந்தது. எல்லாம் சரி. அந்த இளைஞரைச் சந்தேகப்பட்டது வீண் என்று நினைத்தேன். குளியலறை இருட்டாக இருக்கிறதே, விளக்கைப் போடலாம் என்று கையை நீட்டினேன்.

எட்டவில்லை. சுவிட்ச் நீட்டிய கைக்கு மேலே, என் தலை உயரத்தில் இருந்தது.

நின்றுகொண்டு பார்த்திருந்தால் எழுபது தடவை பார்த்தாலும் தெரிந்திருக்காது. நின்றால் அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கும். எங்கள் வீடுகளில் சுவிட்சைக் குழந்தைகள் தொடாத உயரத்தில் வைப்பதுதான் வழக்கம்.

“என்னக்கா, சத்தத்தக் காணோம்?”

“சுவிட்சு.”

“சுவிட்சுக்கு என்ன? நெஞ்சு ஒசரத்துலதான வச்சிருக்கோம்.”

“யாரு நெஞ்சுக்கு?”

போடியில் யாரோ நாற்காலியை வேகமாகப் பின்னுக்குத் தள்ளுகிற சத்தம். பிறகு விசைப்பலகை. “எல்லா ரூம்லயும் அப்படித்தான் வச்சிருக்கோம்” என்றாள். குரல் செத்திருந்தது. “எம்புட்டு எறக்கணும்?”

“விதிப் புத்தகத்துல இருக்கும். பாரு.”

“புத்தகத்தப் படிச்சிட்டுத்தான் போன தடவையும் கெட்டோம். உங்க கை எம்புட்டுத் தூரம் வருதோ அதச் சொல்லுங்க. கைய அப்படியே வைங்க. பாப்பாவ அளக்கச் சொல்லுங்க.”

கயல் நாடா எடுத்துவர ஓடினாள். கண்ணாடிக்குள் நான் இருட்டுக் குளியலறையில், ஒரு வெள்ளைச் சுவருக்கு எதிரே கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தேன். தோள் வலிக்க ஆரம்பித்தது. முதியவர்களுக்கு இதைவிடச் சீக்கிரம் வலிக்கும் என்று தோன்றியது, கையை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினேன். வலி நின்ற இடத்தில் நிறுத்தினேன். கயல் தரையில் மண்டியிட்டு நாடாவை இழுத்தாள். அளவை ஆங்கிலத்தில் சொன்னாள். நான் அதைத் தமிழில் சொல்வதற்குள் பாண்டிமீனா அங்கே தட்டிவிட்டாள்.

“இங்க பச்சை அடிச்சவரு திங்கக்கெழம கேட்டா?” என்றேன்.

“நாங்களே கண்டுபிடிச்சோம்னு சொல்லிக்கிறேன். அவருக்கு அதுவும் ஓகேதான்.” அவள் தட்டுவதை நிறுத்தவில்லை. “கைய எறக்கிறாதீக, சேச்சி. இது குளியலறை மட்டுந்தான். தாழ்வாரத்துல மணி சுவிட்சு இருக்கு, லிப்டு பொத்தான் இருக்கு. பாப்பா, அம்மாவ வெளிய தள்ளு ஆத்தா.”

கயல் நாற்காலியைத் திருப்பினாள்.